மேகத்தினுள் வழி

சிறு வயதில் நாம் எல்லோரும் தட்டாமாலை சுற்றியிருக்கிறோம். கைகளை விரித்துக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டு, தலை கிறுகிறுக்கும் வரையில் சுற்றிவிட்டுத் திடீரென்று நின்றால், நாம் நின்றாலும் உலகம் நிற்பதில்லை. வீடும் தென்னை மரமும் எதிர்ப்புறமாகச் சுழல்கின்றன. கால் தள்ளாடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சற்று நேரத்தில் மயக்கம் தெளிந்துவிடுகிறது, விளையாட்டும் முடிந்துவிடுகிறது. இதே மயக்கம், மேகத்தின் நடுவே ஒரு சிறிய ஆகாய விமானத்தைத் தனியே ஓட்டிச் செல்லும் மனிதனுக்கு உண்டானால் என்ன ஆகும்? விமானம் பிறந்த முதல் முப்பது ஆண்டுகளில் எத்தனையோ இளைஞர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் உயிரை விடையாகக் கொடுத்தார்கள்.

கெட்ட வானிலை என்றவுடன் நமக்கு இடியும் மின்னலும் சூறைக்காற்றும் நினைவுக்கு வரும். அவை விமானத்துக்குப் பகை என்பதில் ஐயமில்லை. இடிமேகத்தினுள்ளே மேலே பாயும் காற்றும் கீழே பாயும் காற்றும் அடுத்தடுத்து இருக்கும். அவற்றின் நடுவே அகப்பட்டுச் சிறு விமானங்கள் முறிந்து விழுந்ததுண்டு. இறக்கைகளின்மீது பனிக்கட்டி படிவதும் உண்டு. அதன் பாரத்தைக் காட்டிலும், இறக்கையின் வடிவத்தை அது கெடுத்துவிடுவதே பெரிய ஆபத்து. ஆனால், விமானிகளின் வரலாற்றைப் படிப்பவருக்கு வியப்பைத் தரும் செய்தி வேறொன்று. காற்று உரக்க வீசவில்லை, இடி இல்லை, பஞ்சுப் பொதி போன்ற ஒரு மேகம் அமைதியாக நிற்கிறது. பழுதற்ற எஞ்சின் பூட்டிய விமானம் ஒன்று, தேர்ந்த விமானியோடு அதனுள் நுழைகிறது. சில நிமிஷங்களுக்கெல்லாம் அது தரையில் நொறுங்கிக் கிடக்கிறது. யந்திரத்தில் குறையில்லை. மனிதன் தன் உடலின் உணர்ச்சியை நம்பினான். வேறு பிழை ஒன்றும் அவன் செய்யவில்லை.

1919-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி நடந்ததை முதலில் பார்ப்போம். ஜான் ஆல்காக், ஆர்தர் விட்டன் பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள் நியூபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டுவது அவர்கள் நோக்கம். முதலில் தாண்டுபவருக்கு லண்டன் பத்திரிகை ஒன்று 10,000 பவுன் பரிசு அறிவித்திருந்தது. இருவரும் முதல் உலகப் போரில் எதிரிகளிடம் சிறைப்பட்டு மீண்டவர்கள். அவர்கள் ஏறிய 'விம்மி' விமானம் மரத்தாலும் துணியாலும் ஆனது. இரண்டு எஞ்சின்கள் உண்டு, கூரை கிடையாது. இருவரும் அருகருகே திறந்த ஆசனத்தில் உட்கார்ந்து, முகத்தில் காற்று அறைய, இரவு முழுவதும் பறக்கவேண்டும். புறப்பட்ட சற்று நேரத்திலேயே மின்சாரம் தரும் சிறு யந்திரம் கெட்டது; அத்துடன் கம்பியில்லாத் தந்தியும் ஊமையாயிற்று.

வழியெங்கும் மூடுபனியும் மேகமுமாக இருந்தன. விடியற்காலையில் அவர்கள் ஒரு பெரிய மேகச் சுவருக்குள் புகுந்தார்கள். தங்கள் விமானத்தின் இறக்கை முனைகூட அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வேகம் காட்டும் கருவியும் அந்த நேரம் பார்த்துச் சிக்கிக்கொண்டது. நேராகப் போகிறோமா, சாய்ந்து போகிறோமா என்பது இருவருக்கும் விளங்கவில்லை. விமானம் வேகம் குன்றி, சுழன்றுகொண்டே விழத் தொடங்கியது. ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலிருந்து கீழே, கீழே, இன்னும் கீழே! உயரம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. மேகத்தின் அடிவயிறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வார்கள்? திடீரென்று மேகம் கிழிந்தது. கீழே இருக்க வேண்டிய கடல் அவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சுவரைப்போல் எழுந்து நின்றது. கடலுக்கும் விமானத்துக்கும் இடையே 100 அடிகூட இல்லை. கடலைக் கண்ட அந்தக் கணத்தில் ஆல்காக்குக்கு எது மேல், எது கீழ் என்பது விளங்கிவிட்டது, விமானத்தை நிமிர்த்திவிட்டார். திசைகாட்டியைப் பார்த்தால், அது மேற்கே காட்டிற்று. அவர்கள் வந்த வழியே அமெரிக்காவை நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்!

மறுபடியும் கிழக்கே திரும்பி, 15-ஆம் தேதி காலை அயர்லாந்தில் கிளிப்டன் என்ற ஊருக்கருகே இறங்கினார்கள். பச்சைப் புல்வெளி என்று எண்ணி இறங்கிய இடம் சேற்று நிலமாக இருந்தது. விமானம் மூக்கைச் சேற்றில் குத்தி நின்றது. சுமார் 1,890 மைலைப் பதினாறு மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். அரசர் இருவருக்கும் 'சர்' பட்டம் அளித்தார். இவர்கள் கதையைச் சொல்லுகிறவர்கள், பிரவுன் இறக்கையின்மீது நடந்து சென்று பனிக்கட்டியைச் சுரண்டியதையே பெரிதாகச் சொல்வார்கள். அதை ஐயுறும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்த வீரச் செயல் அன்று. கடலைக் கண்ணால் கண்ட அந்த ஒரு கணம்தான். கண்டதால் பிழைத்தார்கள். மேகம் கடலைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி, புதிய விமானம் ஒன்றைப் பாரிஸ் பொருட்காட்சிக்கு ஓட்டிச் சென்ற ஆல்காக், பிரெஞ்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் மூடுபனியில் அகப்பட்டு விழுந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 27.

ஏன் இப்படி நேர்கிறது? எழும்பூர் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் மெல்ல நகர்கிறது. நம் வண்டிதான் புறப்பட்டுவிட்டது என்று எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம்! நிலையத்தின் தூணைப் பார்த்த பிறகே உண்மை தெரிகிறது. நாம் நேராக இருக்கிறோம் என்பதை நமக்குச் சொல்வதில் கண்ணுக்கே முதலிடம். கண்ணை மூடிவிட்டால் அந்த வேலை உட்செவியின் தலையில் விழுகிறது.

காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது குழல் திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால், சில விநாடிகளில் திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது மூளைக்குச் செய்தி ஒன்றும் போகாது. திரும்புகிறவன், 'நான் நேராகப் போகிறேன்' என்றே எண்ணுவான். அவன் உண்மையில் நிமிர்ந்துவிட்டாலோ, திரவம் மட்டும் தொடர்ந்து ஓடுவதால், எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். தட்டாமாலையின் இரகசியம் இதுவே. இந்தக் குழல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ராபர்ட் பாரனி என்ற வியன்னா நகர வைத்தியருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆனால் அவர் நூலை விமானிகள் படித்ததாகத் தெரியவில்லை. விமானிகளின் சங்கடத்தை வைத்தியர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்கிறோம். அதனால் திரும்புவது தெரிகிறது. விமானமோ, சைக்கிளைப் போல் திருப்பத்துக்கு ஏற்பத் தானும் சாய்ந்துகொள்கிறது. ஆகையால் உடலின் பாரம் எப்போதும் ஆசனத்தை நோக்கியே அழுத்துகிறது. கையில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருந்தால் அதுகூடச் சிந்தாது. கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், அதுவும் விமானத்தின் தரையை நோக்கி நேராகவே தொங்கும். மனிதன் மட்டுமல்ல, தூக்குக்குண்டும் பொய் சொல்லும் இடம் அது! திசைகாட்டியின் முள்ளும் திருப்பத்தில் நிலைகொள்ளாமல் ஆடும். சில வேளைகளில் எதிர்ப்பக்கமாகக்கூட ஓடும்.

இனி நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். மேகத்தினுள் விமானத்தின் ஓர் இறக்கை மெல்ல, விமானி உணராதபடி, தாழ்கிறது. விமானம் திரும்புகிறது, திரும்பும்போது மூக்கும் தாழ்கிறது. வேகம் கூடுவது தெரிகிறது. உயரம் குறைவதும் தெரிகிறது. 'நேராக இறங்குகிறோம்' என்று எண்ணிய விமானி, மூக்கைத் தூக்குவதற்காகக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறான். சாய்ந்துள்ள விமானத்தில் அந்த இழுப்பு மூக்கைத் தூக்குவதற்குப் பதிலாகத் திருப்பத்தை இன்னும் இறுக்குகிறது. இழுக்க இழுக்கச் சுழல் இறுகும். சுழல் இறுக இறுக விமானம் விரைந்து இறங்கும். ஒன்று இறக்கை முறிய வேண்டும். அல்லது தரை வந்து சேரவேண்டும். நாம் சிறுவர்களிடம் 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல்' என்கிறோமே, காட்டில் விடப்பட்டவனாவது நின்று யோசிக்கலாம். விமானம் நின்றால் விழும்.

தூக்குக்குண்டு பொய்த்தது, திசைகாட்டி பொய்த்தது. பொய் சொல்லாதது ஒன்றே ஒன்று: பம்பரம். வேகமாகச் சுற்றும் பம்பரத்தின் அச்சு, தான் நோக்கிய திசையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். அதைத் தாங்கும் சட்டம் எப்படித் திரும்பினாலும் அது தன் நிலையிலேயே நிற்கும். ஜைரஸ்கோப் என்பது இத்தகைய பம்பரமே. அமெரிக்காவில் எல்மர் ஸ்பெரி என்பவர் இதைக் கப்பல்களுக்குப் பயன்படுத்திப் பெயர் பெற்றார். அவருடைய மகன் லாரன்ஸ் ஸ்பெரி அதை வானத்துக்குக் கொண்டுபோனார். 1914-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகருக்கு அருகே சீன் நதியின்மேல் அவர் பறந்து காட்டியபோது, கரையிலிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். விமானியின் இரண்டு கைகளும் தலைக்குமேல் இருந்தன. உடன் வந்த மெக்கானிக்கோ இறக்கையின்மீது ஏறி நின்றார். பம்பரம் விமானத்தை நேராக வைத்துக்கொண்டது! அப்போது லாரன்ஸுக்கு வயது 21. 50,000 பிராங்கு பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளில், திருப்பத்தைக் காட்டும் ஒரு சிறு கருவியையும் ஸ்பெரிகள் அமைத்தார்கள். அதில் ஒரே ஒரு முள். விமானம் இடப்புறம் திரும்பினால் இடப்புறமும், வலப்புறம் திரும்பினால் வலப்புறமும் சாயும். அவ்வளவுதான். மேகத்துக்குள் உண்மை பேசிய முதல் கருவி அது.

லாரன்ஸ் ஸ்பெரி 'மெஸெஞ்சர்' என்ற மிகச் சிறிய விமானத்தை விரும்பி ஓட்டினார். இருபது அடி நீள இறக்கை, ஒருவருக்கே இடம். 1922-இல் வாஷிங்டன் நகரில் காங்கிரஸ் மாளிகையின் படிக்கட்டுக்கு எதிரிலேயே அதைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர். 1923-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி அதே விமானத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, பனி மூடிய ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போனார். விமானம் நீரில் மிதக்கக் கண்டார்கள். அவருடைய உடல் அடுத்த மாதம் கிடைத்தது. தந்தை எல்மர் ஸ்பெரி பம்பர ஆராய்ச்சியை விடவில்லை. இன்னொரு மகனும் அவரோடு சேர்ந்து உழைத்தார். அந்த உழைப்பின் பயனைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

கருவி பிறந்துவிட்டது, ஆனால் அதை நம்புவதற்கு ஆள் வேண்டுமே! அமெரிக்க ராணுவத்தில் வில்லியம் ஆக்கர் என்ற விமானி 1918-இல் ஸ்பெரியின் முள்ளைச் சோதித்துப் பார்த்தார். மேகத்துக்குள் சென்றார். 'திரும்புகிறாய்' என்றது முள். 'இல்லை, நேராகப் போகிறேன்' என்றது உடல். அவர் உடலின் பேச்சையே கேட்டார். மேகத்தினின்றும் சுழன்றுகொண்டே வெளியே விழுந்தார். 'கருவி கெட்டது' என்றுதான் அவரும் நினைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1926-இல் சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் மையர்ஸ் என்ற ராணுவ வைத்தியரிடம் தேக பரிசோதனைக்குப் போனார். வைத்தியர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, கண்களை மூடச் சொல்லி மெல்லச் சுற்றிவிட்டார். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டார். முதலில் ஆக்கர் சரியாகவே சொன்னார். வேகம் குறையத் தொடங்கியதும் 'நின்றுவிட்டது' என்றார். நாற்காலி உண்மையில் நின்றபோது 'எதிர்ப்பக்கம் சுற்றுகிறது' என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் நாற்காலி அசையாமல் இருந்தது.

வேறொருவராயிருந்தால் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆக்கர் ஒரு பெட்டி செய்துகொண்டு திரும்பி வந்தார். அதனுள்ளே ஸ்பெரியின் திருப்பம் காட்டும் முள் ஒன்று, ஒரு கைவிளக்கு. எட்டிப் பார்க்க ஒரு துவாரம். 'இப்போது சுற்றுங்கள்' என்றார். பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முள் காட்டியதை மட்டுமே சொன்னார். ஒரு முறையும் தவறவில்லை. அன்று தன் உடல் ஒரு பொய்ச் சாட்சி என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பயிற்சியாலோ துணிவாலோ இந்தப் பொய்யை மாற்ற முடியாது என்பதுதான் அவர் கண்ட உண்மை. 'நல்ல விமானிக்குக் கருவி எதற்கு? ஆசனத்தின் அழுத்தமே சொல்லிவிடாதா?' என்று பெருமை பேசிய காலத்தில் இதைச் சொல்லுவதற்குத் தைரியம் வேண்டும். கார்ல் கிரேன் என்ற துணைவரோடு சேர்ந்து அவர் பலருக்கு இதைக் கற்பித்தார். புறாக்களின் கண்ணைக் கட்டி விமானத்திலிருந்து விட்டுப் பார்த்தார்களாம். அவை பறக்க முயலாமல் இறக்கைகளை விரித்துக்கொண்டு தரையை நோக்கி மெல்ல இறங்கினவாம். மனிதனைக் காட்டிலும் புறாவுக்குத் தன் எல்லை தெரிந்திருக்கிறது! 1930-இல் ஆக்கர், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய ஆசனத்தில் இருந்துகொண்டே, டெக்ஸாஸிலிருந்து இல்லினாய்ஸுக்கு ஏறத்தாழ 900 மைல் பறந்து காட்டினார்.

மேகத்தினுள் நேராகப் பறப்பது பாதிப் பிரச்சினைதான். மறுபாதி, தரையைக் கண்டுபிடிப்பது. இதை நன்கு அறிந்தவர் சார்லஸ் லிண்ட்பர்க். 1927-இல் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி உலகப் புகழ் பெறுவதற்கு முன், அவர் செயிண்ட் லூயிக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் சுமந்த விமானி. 1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி மாலை அவர் சிகாகோவை நெருங்கியபோது தரை முழுவதையும் மூடுபனி மறைத்துவிட்டது. மேலே நட்சத்திரங்கள், கீழே வெண்மை. நகரத்தின் விளக்குகள் பனியின்மேல் ஒரு மங்கிய ஒளியாக மட்டும் தெரிந்தன. சுற்றிச் சுற்றி வந்ததில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. 5,000 அடிக்கு ஏறி, பாராசூட்டுடன் குதித்துவிட்டார். எஞ்சின் நின்றுவிட்டதென்று விசையை மூடாமல் விட்டிருந்தார். ஆளில்லாத விமானம் மூக்குத் தாழ்ந்ததும், தொட்டியின் மூலையில் கிடந்த கொஞ்சம் பெட்ரோல் ஓடிவந்து எஞ்சின் உயிர்பெற்றுவிட்டது! இருட்டில், பனியில், பாராசூட்டில் தொங்கும் மனிதனைச் சுற்றி அவருடைய சொந்த விமானமே வட்டமிட்டுக்கொண்டு இறங்கியது. ஐந்து முறை அது வந்து போனதாக அவர் எண்ணியிருக்கிறார். கடைசியில் ஒரு சோளக்கொல்லையில் இறங்கினார். நொறுங்கிய விமானத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தபால் மூட்டைகளை ரயிலேற்றிச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஏழு வாரங்கள் சென்றன. நவம்பர் 3-ஆம் தேதி அதே வழியில், பனி பெய்யும் இரவில், மறுபடியும் அதே கதை. இம்முறை 13,000 அடியிலிருந்து குதித்தார். முள்கம்பி வேலியின்மீதே வந்து விழுந்தார். கனத்த பறக்கும் உடை காப்பாற்றியது. பாராசூட் நல்ல கருவிதான். ஆனால் மூடுபனி வந்தபோதெல்லாம் விமானத்தை எறிந்துவிட்டுக் குதிப்பதை ஒரு போக்குவரத்து முறை என்று யார் சொல்ல முடியும்?

இந்த இரண்டு பாதிகளையும் ஒன்று சேர்க்கும் வேலையை 1928-இல் ஜேம்ஸ் டூலிட்டில் என்ற ராணுவ விமானியிடம் ஒப்படைத்தார்கள். செலவைக் குகன்ஹைம் நிதி ஏற்றுக்கொண்டது. டூலிட்டில் பந்தயங்களில் வென்ற துணிச்சல்காரர். அதே சமயம் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1925-இல் விமான இயலில் டாக்டர் பட்டமும் பெற்றவர். இப்படி இரண்டும் ஒருவரிடம் சேர்வது அபூர்வம். நியூயார்க்குக்கு அருகிலுள்ள மிச்சல் விமானத் திடலில் அவர் பல மாதங்கள் உழைத்தார். பால் கால்ஸ்மன் என்பவர் கைக்கடிகாரத்தைப் போல் நுட்பமான பல்சக்கரங்கள் கொண்ட உயரமானியைக் கொண்டுவந்தார். பழைய உயரமானி தரைக்கருகே பயன்படாது, இதுவோ சில அடிகளின் வேறுபாட்டைக்கூடக் காட்டும். வானொலி அலையைப் பிடித்து அதிரும் இரண்டு மெல்லிய தகடுகள் அமைக்கப்பட்டன. இரண்டும் ஒரே அளவாக அதிர்ந்தால் விமானம் திடலுக்குரிய வழியில் இருக்கிறது. ஒன்று மிஞ்சினால் வழி விலகியது என்று பொருள். ஸ்பெரி குடும்பத்தார் இரண்டு புதிய பம்பரங்களைத் தந்தார்கள். ஒன்று திசையைக் காட்டும். மற்றொன்று 'செயற்கை அடிவானம்'. சிறு வட்டக் கண்ணாடிக்குள் ஒரு கோடு, அதுவே அடிவானம். அதன்மேல் விமானத்தின் சிறு உருவம். வெளியே மேகம் மறைத்துவிட்ட அடிவானத்தை உள்ளே பம்பரம் வரைந்து காட்டியது. கால்வாயில் மூழ்கிய மகனுக்கு ஒரு தகப்பனார் செய்யக்கூடிய நினைவுச் சின்னம் இதைவிட வேறென்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி. விடியும்போது மிச்சல் திடலில் மூடுபனி. டூலிட்டில் முதலில் தனியாக அந்தப் பனியிலேயே ஏறி இறங்கினார். பனி விலகத் தொடங்கிய பிறகு பலர் கூடினார்கள். இரண்டு ஆசனங்கள் உள்ள பயிற்சி விமானம்; பின் ஆசனத்தைத் துணிக் கூண்டு போட்டு மூடினார்கள். டூலிட்டில் அதனுள் உட்கார்ந்தார். வேறு விமானம் குறுக்கிட்டால் காப்பதற்காக பென் கெல்ஸி என்ற விமானி முன் ஆசனத்தில் இருந்தார். தாம் எதையும் தொடவில்லை என்று காட்ட அவர் தம் கைகளை வெளியே உயர்த்திவைத்திருந்தார். விமானம் எழுந்தது, நேராகச் சென்றது, திரும்பியது, திடலைக் கடந்தது, மறுபடியும் திரும்பியது, இறங்கியது. மொத்தம் 15 நிமிஷம். புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரையில் தரையையோ வானத்தையோ பாராமல் ஒரு மனிதன் பறந்தது அதுவே முதல் முறை. அன்று இறங்கியது அவ்வளவு அழகாக அமையவில்லை என்று டூலிட்டிலே பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார்!

கருவி வந்தாலும் பயிற்சி இல்லாவிட்டால் பயனில்லை என்பதை 1934 காட்டிற்று. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் தபால் வேலையைக் கம்பெனிகளிடமிருந்து பிடுங்கித் திடீரென்று ராணுவத்திடம் கொடுத்தது. கடும் பனிக்காலம். இளம் விமானிகளுக்கு இரவிலும் மேகத்திலும் பறந்து பழக்கமில்லை. பல விமானங்களில் தக்க கருவிகளும் இல்லை. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். நாடே கொதித்தது. அந்தச் சமயத்தில் எட்வின் லிங்க் என்பவர், மற்றவர்கள் பறக்கத் துணியாத மோசமான வானிலையில், கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்து வந்து ராணுவ அதிகாரிகள் முன் இறங்கினார். அவர் வந்த காரியம், தரையிலேயே இருந்துகொண்டு விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஒரு பொம்மை விமானத்தை விற்பது. அவருடைய தந்தையார் ஆர்கன் வாத்தியம் செய்பவர். அந்த வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே மகன் பொம்மை விமானத்தைச் சாயவும் திரும்பவும் செய்திருந்தார். அதற்கு முன் அதை வேடிக்கைப் பூங்காக்களில் காசுக்குச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் ஆறு பொம்மைகளை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகள் பல்லாயிரவர் முதலில் மேகத்தைச் சந்தித்தது அந்தப் பெட்டிக்குள்ளேதான்.

நம் நாட்டின் விமானத் தபாலும் அந்தக் காலத்தில் பிறந்ததே. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறிய 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரியில் தங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒற்றை எஞ்சின்; வானொலி கிடையாது. மழைக்காலத்தில் பம்பாயின் ஜூகு திடல் சேறாகிவிடும். ஆகவே புனாவிலிருந்து பறப்பார்கள். தென்மேற்குப் பருவக் காற்று மேகங்களைக் கொண்டுவந்து மேற்குத் தொடர்ச்சி மலையின்மேல் குவித்து வைத்திருக்கும் மாதங்களில் அந்த வழியைப் பாருங்கள். மேகத்தினுள்ளே ஒளிந்திருப்பது கடல் அன்று, கருங்கல். சென்னையில் ஒரு கடிதம் நேரத்துக்கு வந்து சேர்ந்ததென்றால், அதன் பின்னே ஒரு விமானி எந்த மேகத்துக்குள் நுழையலாம், எதற்குள் நுழையலாகாது என்று தீர்மானித்த தீர்ப்பு இருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடவேண்டாம். 1999-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி இரவு, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் தம் மனைவியுடனும் மைத்துனியுடனும் சென்ற ஒற்றை எஞ்சின் விமானம் அட்லாண்டிக் கரையருகே கடலில் விழுந்தது. புயல் இல்லை, நிலவொளி மங்கிய இரவும், கடலையும் வானத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்ட புகைபோன்ற மூட்டமும்தான். நிலை தடுமாறிய விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணைக் குழு எழுதிற்று.

எவ்வளவு நேரத்தில் மனிதன் தடுமாறுகிறான் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1954-இல் வெளியான சோதனை அது. இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தார், கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாத 20 பேரை, ஒருவர் ஒருவராக, ஒரு சிறிய விமானத்தில் ஏற்றிச் சென்றார்கள். வெளியே எதுவும் தெரியாதபடி அவர்கள் பார்வையை மறைத்தார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். 20 பேரும் விமானத்தை இழந்தார்கள். பத்தொன்பது பேர் சுழல் இறக்கத்தில். ஒருவர் மூக்கை மிகையாகத் தூக்கி. விரைவாகத் தடுமாறியவருக்கு 20 விநாடி. நெடுநேரம் தாக்குப்பிடித்தவருக்கு 480 விநாடி. சராசரி 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை.

பிறகு அவர்களுக்கு ஒரு சிறு பாடம் கற்பித்தார்கள். மேகத்தைத் தாண்டுவதற்கன்று, வந்த வழியே வெளியேறுவதற்கு. சக்கரங்களைக் கீழே இறக்கி வேகத்தைக் குறைத்துக்கொள். விமானத்தைத் தானே நேராகப் பறக்கும்படி அமைத்துக்கொள். கைப்பிடியை விட்டுக் கைகளை எடுத்துவிடு. கைகள்தாமே சுழலை இறுக்குகின்றன? காலால் சுக்கானை மெல்ல அழுத்தி, ஆக்கரின் பெட்டிக்குள் இருந்த அதே முள்ளைப் பார்த்துக்கொண்டு, அரைவட்டம் திரும்பு. அதே மனிதர்கள் மீண்டும் 60 முறை சோதிக்கப்பட்டார்கள். 59 முறை விமானம், சீன் நதியின்மேல் லாரன்ஸ் ஸ்பெரி கைகளை உயர்த்திக்கொண்டு பறந்ததைப்போல், கைகள் தொடாமலே திரும்பி வெளிச்சத்துக்கு வந்தது.